தட்டில் மின்னிய எண்ணெய்

பிரின்சி வாயைத் திறந்தால் புதுமேடு காது கொடுக்கும். இது அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஆரம்பாக்கம் ரயில் பாதைக்கு மேற்கே இருக்கிற அந்தச் சின்ன ஊரில், பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படித்துப் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். அவளுடைய நைனா ஆசீர்வாதம் இளவட்டமாக இருந்தபோது ஊரார் வயலில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். பிறகு கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, இடுப்பு விட்டுப்போகும் வரை உழைத்து ஓய்ந்தவர். மகள் ஹெல்மெட்டும் பூட்சுமாகக் கம்பெனி ஜீப்பில் வந்து இறங்குகிற நேரத்துக்குத் தெருமுனையில் போய் நிற்பார். கேட்டால் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்பார். அந்தத் தெருவுக்குள் பஸ் வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அவள் வேலை பார்த்த எண்ணெய்க் கம்பெனி ஊர் எல்லையில் சோதனைக் கிணறு தோண்ட அனுமதி கேட்டு வந்தபோது, குடியரசு தினத்துக் கிராம சபையில் பெரிய ரகளை. முதல் ஆளாக எழுந்து நின்றவர் சஹாபுதீன். பழவேற்காட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய வியாபாரக் குடும்பம் அவருடையது. ஏரியில் பிடிபடுகிற நண்டையும் இறாலையும் வாங்கி ஐஸில் போட்டுச் சென்னைக்கு அனுப்புகிறவர். வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் இல்லாமல் எழுந்து நின்று, நிதானமாகக் கேட்டார்.

"பத்து எடத்துல தோண்டுனா ரெண்டு எடத்துலதான் வரும்னு நீங்களே சொல்றீங்க. மீதி எட்டு ஓட்டைய இன்னா பண்றது? இங்க ஒரு சொட்டு கசிஞ்சா கால்வா வழியா ஏரிக்குத்தான் போவும். ஏரி பூடுச்சின்னா நான் நண்டு வாங்க எங்க போறது, செவ்வா கெரகத்துக்கா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பிரின்சி மைக்கைப் பிடுங்கினாள்.

"பாய், உங்க ஐஸ் வண்டி எதுல ஓடுது? தண்ணிலயா? டீசல்லதான? அந்த டீசல்ல முக்காவாசி வெளிநாட்டு எண்ணெ. எவனோ எங்கியோ அடிச்சிக்கினா இங்க நம்ம தலைல வெல ஏறுது. நம்ம காலுக்குக் கீழ இருக்குதா இல்லியான்னு தொறந்துகூட பாக்காம, ஊரான் கிட்ட கை ஏந்திக்கினே இருக்கணுமா? பாத்துடலாம் பாய். இருந்தா இருக்குதுன்னு சொல்லுவேன். இல்லன்னா, கம்பெனி சொல்றதுக்கு முன்னாடி இதே எடத்துல நின்னு இல்லன்னு நான் சொல்லுவேன். இது என் வார்த்தை."

கைகள் உயர்ந்தன. கம்பெனியின் விளம்பரப் படங்களைப் பார்த்து யாரும் கை தூக்கவில்லை. அவள் வார்த்தைக்காகத் தூக்கினார்கள். பஞ்சாயத்துத் தலைவி ஹெலன் அதை அன்றைக்கே வாய்விட்டுச் சொன்னாள். "நாங்க உன்ன நம்பித்தான் குடுக்கறோம் பிரின்சி, அந்தக் கம்பெனிய எங்களுக்குத் தெரியாது."

பங்குனியில் ராட்சத எந்திரங்கள் வந்தன. மேய்க்கால் நிலத்தின் நடுவே இரும்புக் கோபுரம் எழுந்து நின்றது. ஊர்க்காரர்கள் சிலருக்கு வேலை கிடைத்தது. அதில் ஒருவர் சின்னராசு. ஆசீர்வாதத்தோடு அதே ஆலையில் வெந்தவர், ஆலை ஆள் குறைத்தபோது வீட்டுக்கு வந்தவர், பிரின்சிக்குச் சித்தப்பா முறை. பாறைத் தூளைக் கழுவிக் காய வைக்கிற வேலை அவருக்கு.

அந்தப் பாறைத் தூள்தான் பிரின்சியின் படிப்பு, பிழைப்பு எல்லாம். துளைக்கிற முனை கீழே பாறையை நொறுக்க நொறுக்க, குழம்பான சேற்றோடு அந்த நொறுங்கல் மேலே வரும். சல்லடையில் பிடித்து, கழுவி, இரும்புத் தட்டில் பரப்பி அடுப்பில் காய வைத்து, ஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் கல்லாக இருந்தால் கல்லாகவே கிடக்கும். எண்ணெய் ஊறிய கல்லாக இருந்தால் மஞ்சளாக மின்னும். நாள் முழுக்க இதைப் பார்ப்பதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும். பிரின்சிக்குப் பொறுமை என்பது வேறு எந்த விஷயத்திலும் கிடையாது, இதில் மட்டும் உண்டு.

சித்திரை பிறந்து பத்து நாளில் ஒரு மதியம், தட்டை விளக்கடியில் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். தூள் மஞ்சளாக மின்னியது. அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு, எல்லாமே மின்னின. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு சோதனைச் சாலையாக இருந்த கண்டெய்னர் அறை அதிர ஒரு கத்து கத்தினாள். சின்னராசு கையில் இருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். என்னவோ ஏதோ என்று வந்தவர், விஷயம் தெரிந்ததும் அங்கேயே தரையில் மண்டியிட்டு ஜெபம் பண்ணிவிட்டார்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக இல்லை. இளவட்டங்கள் வாட்ஸப்பில் ஊர்ப் பெயரை 'புதுமேடு துபாய்' என்று மாற்றி வைத்தார்கள். ஊத்துக்கோட்டையிலிருந்து இரண்டு நிலத் தரகர்கள் பைக்கில் வந்து, யார் வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு இடம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில் ஒருவர், இனி பெட்ரோலை நமக்குக் குழாயிலேயே விடுவார்களா என்று உண்மையாகவே கேட்டார். ஆசீர்வாதம் தன் பங்குக்கு மகளின் படத்தைப் போட்டு, 'எண்ணெய் கண்ட எங்கள் தங்கம்' என்று ஒரு பேனர் அடித்து ரயில்வே கேட் பக்கத்தில் கட்டிவிட்டார். பிரின்சி அதைப் பார்த்து, "இன்னா நைனா இது, அசிங்கமா" என்று கோபித்துக்கொண்டாள். கோபம் பாதிதான் நிஜம். வீட்டுக்குப் போகிற குறுக்கு வழியை விட்டுவிட்டு இரண்டு நாள் அந்தக் கேட் வழியாகவே போனாள்.

ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. பாறையில் எண்ணெய் இருந்தால் கூடவே கொஞ்சம் வாயுவும் ஏறி வரும். சேற்றிலிருந்து வாயுவை அளக்கிற கருவி இருக்கிறது. அதன் முள் அசையவே இல்லை. பிரின்சி கருவியைத் தட்டிப் பார்த்தாள், குழாயைக் கழற்றி மாட்டினாள், கடைசியில் கனமான எண்ணெயாக இருக்கும், வாயு குறைவாகத்தான் வரும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மேலதிகாரி அன்புசெல்வனும் அதையே சொன்னார். இரண்டு பேருக்கும் பிடித்த பதிலாக இருந்ததால் இரண்டு பேருமே அதற்கு மேல் குடையவில்லை.

கம்பெனி இரண்டாவது கிணற்றுக்கும் அனுமதி கேட்டது. மே தினத்தன்று கிராம சபை. தொழிற்சாலைகள் எல்லாம் விடுமுறை, ஊர் முழுக்க வீட்டில் இருக்கும். இந்த முறை கை தூக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது என்று ஹெலனே சிரித்தாள்.

மே தினத்துக்கு முதல் நாள் காலை. அடுப்பில் எல்லாத் தட்டுகளும் மாட்டிக்கொண்டிருந்தன. புதிதாக வந்த தூளைப் பரப்ப ஒரு தட்டுகூடக் கையில் இல்லை. காத்திருக்கிற சுபாவமா பிரின்சிக்கு? நாஷ்டா தின்று முடித்த எவர்சில்வர் டப்பாவின் மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதில் தூளைப் பரப்பிக் காய வைத்தாள். ஊதா விளக்கின் கீழே தள்ளினாள்.

மின்னவில்லை. கல் கல்லாகவே கிடந்தது.

அதே தூளில் மிச்சம் இருந்ததை, காலியான ஒரு இரும்புத் தட்டில் போட்டுக் காய வைத்துப் பார்த்தாள். மஞ்சளாக மின்னியது. வெளியே போனாள். கான்கிரீட் போடுவதற்காகக் கொட்டியிருந்த மணலில் ஒரு கைப்பிடி அள்ளி வந்தாள். ஆற்று மணல், அதில் எண்ணெய் இருக்கிறது என்று பைத்தியக்காரன்கூடச் சொல்ல மாட்டான். அதைக் கழுவி, இரும்புத் தட்டில் போட்டுக் காய வைத்து விளக்கடியில் தள்ளினாள். மணலும் தங்கமாக மின்னியது.

பிரின்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு விரலால் தட்டின் ஓரத்தைத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனாள். அந்த வாசனை அவளுக்குப் பிறந்த நாளிலிருந்து பழக்கம். நைனாவின் சட்டையில், வீட்டு ஜன்னல் கம்பியில், சைக்கிள் செயினில், எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். எஞ்சினில் ஓடிக் கறுத்து, கழித்துப்போட்ட வேஸ்ட் ஆயில்.

"சித்தப்பா," என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இந்தத் தட்டுல எதனா தடவுனியா?"

சின்னராசு முகம் மலர்ந்தது. யாராவது கவனிக்க மாட்டார்களா என்று அவர் காத்திருந்தார் போல. "ஆமா பாப்பா! பங்குனி முடிஞ்சி கடல் காத்து திரும்பிச்சி பாரு, தட்டெல்லாம் ஒரே துரு. உங்க கம்பெனில ஒருத்தன் கவனிக்கல. அதான் தெனம் வேல முடிஞ்சதும் துணில தொட்டு லேசா ஒரு கை தடவி வெச்சிட்டுப் போறேன். ஆலைல முப்பது வருசம் பண்ண வேலையாச்சே. இப்ப பாரு, ஒரு பொட்டுத் துரு இருக்குதா?"

பிரின்சிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உப்புக் காற்று அடிக்கிற இந்தப் பக்கத்தில் இரும்பு என்று எதைக் கண்டாலும் எண்ணெய் தடவாமல் யாருக்கும் கை சும்மா இருக்காது. அவளுடைய நைனா வீட்டு கேட்டுக்குத் தடவுவார். ஹெலன் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குத் தடவியிருக்கிறார்கள். வேறு எந்த ஊரில் தோண்டியிருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. அவரைத் திட்ட வாய் வரவில்லை. தட்டைத் துடைத்துப் பார்த்திருக்க வேண்டியது அவள். கருவியின் முள் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்க வேண்டியதும் அவள்தான். விஷயத்தைச் சொன்னபோது சின்னராசு கையில் இருந்த துணியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், வெளியே போய்க் கோபுரத்தின் நிழலில் குந்திவிட்டார்.

பிரின்சி மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் கண்ணாடித் தட்டில் மறுபடி செய்து பார்த்தாள். ஒன்றுகூட மின்னவில்லை. திருத்திய அறிக்கையோடு அன்புசெல்வன் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. முழுதும் படித்தார், இரண்டு தரம் படித்தார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்க சொல்றது சரின்னே வச்சுக்குவோம். ஆனா கிணத்துக்குள்ள கருவி இறக்கி அளக்கற வேலை இன்னும் பாக்கி. பத்து நாள்ல அது தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் நானே மேலிடத்துக்கு எழுதறேன்."

"நாளைக்குக் கிராம சபை சார்."

"தெரியும். உங்களை நான் பொய் சொல்லச் சொல்லலை. பேசாம உட்கார்ந்திருங்க, அது போதும். ரெண்டாவது கிணறு முக்கியம் பிரின்சி. ஒவ்வொரு கிணறும் கையோட பலன் தரணும்னா இந்த நாட்டுல ஒரு கிணறுகூடத் தோண்ட முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் சங்கடம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு மறுப்பு இல்லை.

"நாளைக்கு நீங்க எழுந்து பேசினா," என்று அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார், "உங்களை இந்த சைட்டுல வச்சிருக்க என்னால முடியாது. ராஜஸ்தானோ அஸ்ஸாமோ, எங்கே அனுப்புவாங்கன்னு எனக்கே தெரியாது. யோசிங்க."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். அஸ்ஸாமுக்கு அவள் பயப்படவில்லை. அங்கேயும் பாறைதான். ஆனால் வீட்டில் நைனா காலையில் போடுவதற்காக வெள்ளை வேட்டியை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். அவரிடம் சொல்லாமல் மேடை ஏறுவது சரியில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஆசீர்வாதம் வேட்டியின் மடிப்பை விரலால் நீவினார்.

"அந்தாளு சொல்றாப்ல பத்து நாள் கழிச்சி சொல்லேன்," என்றார்.

"நைனா, நான் வார்த்தை குடுத்திருக்கேன்."

"குடுத்த. நான் இல்லன்னா சொல்றேன்? வாழ்நாள் பூரா இந்தத் தெருவுல தலைய குனிஞ்சிக்கினே நடந்தவன் நானு. இந்த ஒரு வாரமாத்தான் நிமுந்து நடக்கறேன். இன்னும் பத்து நாள் நடந்துக்கறேனே பிரின்சி. பத்தே நாளு. அது உனக்கு ஜாஸ்தியா?"

அன்புசெல்வன் மேசையைத் தாண்டி வந்தவளுக்கு இதைத் தாண்ட வழி தெரியவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "முடியாது நைனா," என்றாள். அவர் இஸ்திரி போட்ட வேட்டியை மடித்து, இரும்புப் பெட்டியில் திரும்ப வைத்தார்.

மே தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊரே வந்திருந்தது. அன்புசெல்வன் மேடையில் ஹெலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிரின்சி மைக்கை வாங்கியதும் இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். அவள் விசில் நிற்கும் வரை காத்திருந்தாள்.

"கெணத்துல எண்ணெ இல்ல," என்றாள்.

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்கள்.

"இருக்குதுன்னு நான் சொன்னது தப்பு. கல்லு காய வெக்கற தட்டுல வேஸ்ட் ஆயில் பட்டிருந்துது. அதுதான் மின்னிச்சி, பூமிக்குள்ள இருந்து வந்தது இல்ல. தட்டு என் பொறுப்பு. நான் சரியா பாக்கல. இல்லன்னா மொத ஆளா வந்து சொல்றேன்னு சொன்னேன். சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு கிளம்பிய சத்தத்தை விவரிக்க முடியாது. எங்கள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டாள் என்று ஒருவர். படிச்ச புள்ள பண்ற வேலையா இது என்று இன்னொருவர். நடுவரிசையிலிருந்து சுமலதா எழுந்தாள். அவள் புருஷனுக்கும் அந்தக் கோபுரத்தில்தான் வேலை. "எங்க ஊட்டுக்காரரு அங்க வேலைன்னு பழைய கம்பெனிய உட்டுட்டாரு. இப்ப தட்டுல எண்ணென்னு கத வுடறியா? எவன் தடவுனான், சொல்லு! அவன இங்க கொண்டாந்து நிறுத்து!"

"யாரு தடவுனா இன்னா," என்றாள் பிரின்சி. "பாக்க வேண்டியது நானு."

"நான்தான் தடவுனேன்."

பின்வரிசையில் சின்னராசு எழுந்து நின்றிருந்தார். "பாப்பா என் பேர சொல்லாது. நான்தான் தடவுனேன். துரு ஏறுச்சி, பொறுக்க முடில. அதுக்குத் தெரியாது, எவனும் சொல்லவும் இல்ல. இன்னா தண்டன வோணும்னாலும் குடுங்க."

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இரும்போடு மல்லுக்கட்டிப் பிழைத்தவர்கள். துருவைப் பார்த்தால் அவர்களுக்கு என்ன தோன்றும் என்று அவர்களுக்குத் தெரியாதா? ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். "யோவ், நானா இருந்தாலும் தடவியிருப்பேன்யா," என்றார். "நீ தடவுன. நானு பெயிண்டே அடிச்சிருப்பேன்," என்றார் பக்கத்தில் இருந்தவர். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் பரவியது. சுமலதா மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டாள். ஏமாற்றம் போய்விடவில்லை. அவமானம்தான் போனது, அது எல்லாருக்கும் பொதுவாகிவிட்டதால்.

"மேடம், ஒரு கேள்வி."

பிரின்சி நிமிர்ந்து பார்த்தாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுடைய நைனா. பெட்டியில் வைத்த வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மகளை மேடம் என்று கூப்பிட்டதற்குக் கூட்டம் மறுபடி சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"இம்மா நாளு தோண்டுனமே, அது தண்டமா? இன்னும் தோண்டறது வீணா? உன் மனசுல இருக்கறத சொல்லு. எங்களுக்குப் புடிக்கணும்னு சொல்லாத."

ஊரில் யாருக்கும் கேட்கத் தைரியம் வராத கேள்வி. அதை அவர்தான் கேட்டார். பிரின்சிக்கு நேற்று ராத்திரியிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் அப்படியே இறங்கியது.

"தண்டம் இல்ல," என்றாள். அவளுடைய பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. "இந்தக் கெணறு தோண்டுனதாலதான் கீழ எந்தப் பாறை எப்பிடிப் போவுதுன்னு எனக்கு இன்னிக்குத் தெரியும். தெற்கால போவப் போவ மேல ஏறுது. எண்ணெ தங்கறதுன்னா மேட்டுலதான் தங்கும். அங்க இன்னொரு கெணறு தோண்டிப் பாக்கறது நியாயம். கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். பாக்கறது நியாயம்னு சொல்லுவேன். அதுலயும் இல்லன்னா, மூட்டையக் கட்டிக்கினு போங்கன்னு நானே எழுதிக் குடுப்பேன். இந்த நாடு எண்ணெக்கு அடுத்தவன நம்பிக்கினு இருக்கற வரைக்கும், நம்ம காலடிய ஒரு தரம் ஒழுங்கா தேடிப் பாக்கறது தப்பே இல்ல."

அன்புசெல்வன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. சஹாபுதீன் அப்போதுதான் எழுந்தார். அதே கசங்காத வெள்ளைச் சட்டை.

"கெழக்கால?" என்றார். "ஏரிப் பக்கம் பாறை எப்பிடிம்மா போவுது?"

பிரின்சி ஒரு கணம் தயங்கினாள். இதற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. "நல்ல பாறை பாய்," என்றாள். "தெற்க விட நல்லது. எண்ணெ இருந்தா ஏரிக்கு அடிலதான் நெறையா இருக்கும்."

சஹாபுதீன் முகம் சுருங்கியது. அன்புசெல்வன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா அங்க தோண்டறது வோணாம்," என்றாள் பிரின்சி. "நான் வர மாட்டேன், யாரு வந்தாலும் உடவும் கூடாது. நெலத்துல தப்பாப் போனா சிமெண்ட ஊத்தி மூடலாம், மேல் மண்ண வாரிட்டு வேற மண்ணு கொட்டலாம். ஏரில தப்பாப் போனா எத ஊத்தி மூடுவீங்க? அங்க நண்டு இருக்குதா இல்லியான்னு தேட வேண்டியதே இல்ல, தெனம் வருது. இருக்கறதக் குடுத்துட்டு இருக்கலாங்கறத வாங்கற வேபாரம் நமக்கு எதுக்கு?"

அன்புசெல்வன் முன்னால் நகர்ந்தவர் பின்னால் சாய்ந்துகொண்டார். பையிலிருந்து செல்போனை எடுத்து, மேசைக்கு அடியில் வைத்து எதையோ தட்டத் தொடங்கினார். யாருக்கு என்ன எழுதுகிறார் என்று பிரின்சிக்குத் தெரியும். அஸ்ஸாமில் இந்நேரம் மழை ஆரம்பித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஹெலன் எழுந்து, தெற்கே இரண்டாவது கிணற்றுக்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றாள். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு சின்னராசு தூக்கினார். அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்து, பாதிப் பந்தலுக்கு மேல் கைகளாக நின்றன. சுமலதாவின் கையும் அதில் இருந்தது. யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி ஆத்திரமாகத் தூக்கியிருந்தாள். எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது சஹாபுதீன் கையைத் தூக்கினார், அவர் தம்பி, இன்னும் சிலர்.

பஞ்சாயத்துச் செயலர் தீர்மானத்தை எழுதி முடித்துப் பேனாவை மூடினார். சஹாபுதீன் உட்காரவில்லை.

"இன்னும் ஒரு வரி சேக்கணும்," என்றார். "இந்தக் கெணத்துக் கல்ல பாக்கறது இந்தப் பொண்ணாத்தான் இருக்கணும். இத வேற ஊருக்கு மாத்துனாங்கன்னா சம்மதம் அன்னிக்கே ரத்து. அத எழுதுங்க."

மேசைக்கு அடியில் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

ஹெலனுக்குப் புரியவில்லை. "பாய், நீங்க வோணாம்னு கை தூக்குனவரு. உங்களுக்கு எதுக்கு இது?"

"வோணாம்னுதான் சொன்னேன். அடுத்த கூட்டத்துலயும் வந்து வோணாம்னுதான் சொல்லுவேன்," என்றார் சஹாபுதீன். "அதனாலதாம்மா கேக்கறேன். சரின்னு தலையாட்டறவனுக்கு யாரு சொன்னா இன்னா? சண்ட போடறவனுக்குத்தான் நெசம் தெரிஞ்சாவணும்."

ஹெலன் பிரின்சியைப் பார்த்தாள், அன்புசெல்வனைப் பார்த்தாள். "எழுதுங்க," என்றாள் செயலரிடம். அன்புசெல்வன் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.